மலைத்து நிற்பது எப்படி? ரொமான்டிக் கால மலை ஓவியங்களைப் பார்க்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், தண்ணீர் கேனுக்கு மேலே ஒரு படம் ஒட்டியிருந்தது. கோட்டு போட்ட ஒருவர் பாறை உச்சியில் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். எதிரே பனிமூட்டம், அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் பாறைகள். கீழே கொட்டை எழுத்தில் ‘உயரத்தை வெல்!’ என்று ஒரு வாசகம். நாலு வருஷம் அந்தப் படத்துக்குக் கீழே நின்று தண்ணீர் பிடித்துக் குடித்திருக்கிறேன். அது 1818 வாக்கில் ஜெர்மனியில் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் வரைந்த ‘மூடுபனிக் கடலுக்கு மேல் வழிப்போக்கர்’ (Wanderer above the Sea of Fog) என்ற ஓவியம் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அந்த வாசகத்துக்கும் அந்த ஓவியத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்று புரிய இன்னும் கொஞ்ச காலம் ஆனது.

இந்த மாதிரி ஓவியங்களை முதல் தடவை பார்க்கிறவர்கள் ‘நல்லா இருக்கு, காலண்டர் மாதிரி இருக்கு’ என்று சொல்லிவிட்டு நகர்வது வழக்கம். தப்பில்லை. மலை, மேகம், சூரியன், சின்னதாக ஒரு ஆள் என்று எல்லாம் பார்த்துப் பழகிய சமாச்சாரம். ஆனால் ரொமான்டிக் காலம், அதாவது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை (காதலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை), அந்தக் கால ஓவியர்கள் நம்மை ரசிக்கவைக்க மட்டும் வரையவில்லை, கொஞ்சம் நடுங்கவைக்கவும் வரைந்தார்கள். அந்த நடுக்கம் மலையிலிருந்து தானாக வருவதில்லை. நம்மை எங்கே நிறுத்துவது, எதை மறைப்பது, எவ்வளவு பெரிதாக வரைவது என்று ஓவியர் எடுத்த சில முடிவுகளிலிருந்து வருகிறது. அந்த முடிவுகளைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கட்டுரை.

தேவைப்படும் பொருட்கள்: மொபைலைவிடப் பெரிய திரை ஒன்று, அளவு நாடா, ஒரு சாக்பீஸ், ஒரு வெள்ளைத்தாள், உங்கள் கட்டைவிரல். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

தொடங்கும் முன் ஒரு சொல்

ஆங்கிலத்தில் இதை ‘சப்ளைம்’ என்பார்கள். தமிழில் ‘உன்னதம்’ என்று எழுதுகிறோம். எனக்கு அதில் திருப்தி இல்லை. உன்னதம் என்றால் உயர்வு வருகிறது, அடிவயிற்றுக் கலக்கம் வருவதில்லை. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் மருட்கையையும் அச்சத்தையும் அடுத்தடுத்து வைக்கிறது. மருட்கை பிறக்கும் இடங்களில் ஒன்று பெருமை, அதாவது பெரிதாக இருப்பது. அச்சம் பிறக்கும் இடங்களில் முதலாவது அணங்கு. இந்த இரண்டையும் ஒரே குவளையில் ஊற்றினால் கிடைப்பதுதான் சப்ளைம். அன்றாடப் பேச்சிலேயே இதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: மலைப்பு. ‘அப்படியே மலைச்சுப் போயிட்டேன்’ என்கிறோமே, அந்த மலைப்பு. மலை என்ற ஒலியும் உள்ளே இருப்பது நமக்கு வசதி. இந்தக் கட்டுரையில் அதையே வைத்துக்கொள்கிறேன்.

1757இல் எட்மண்ட் பர்க் என்ற அயர்லாந்துக்காரர் அழகு வேறு, மலைப்பு வேறு என்று கோடு கிழித்தார். சின்னது, வழவழப்பானது, மென்மையானது எல்லாம் அழகின் பக்கம். பிரம்மாண்டம், இருட்டு, தெளிவின்மை, வலிமை, வெறுமை, முடிவின்மை எல்லாம் மறுபக்கம். அந்த மறுபக்கத்தின் வேர் பயம் என்றார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்: ஆபத்து நம் மேலேயே வந்து விழக்கூடாது. கம்பி வேலிக்கு இப்பால் நின்று பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்கும்போது வயிற்றில் ஏதோ புரளுமே, அதைத்தான் சொல்கிறார். வேலி இல்லையென்றால் அது வெறும் பயம்.

1790இல் ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் இதை இன்னொரு திருகு திருகினார். மலைக்கும் புயலுக்கும் முன்னால் நம் உடம்பு தூசி. ஆனால் ‘நான் தூசி’ என்று உணர்கிற அறிவு தூசிக்கு இல்லை, நமக்கு இருக்கிறது. மலைப்பின் இன்பம் அந்த இடத்திலிருந்து வருகிறது என்பது அவர் கட்சி. இதில் ஒரு வேடிக்கை, கான்ட் பால்டிக் கடலோரத்துக் கோனிக்ஸ்பெர்க் வட்டாரத்தைத் தாண்டிப் போனதே இல்லை. ஆல்ப்ஸ் மலையை அவர் கண்ணால் கண்டதில்லை.

அதற்கு நூறு வருஷம் முன்பு இதே மலைகளை ஐரோப்பியர்கள் பூமியின் முகத்தில் முளைத்த மருக்கள் மாதிரித்தான் பார்த்தார்கள். வழியில் கிடக்கும் தொல்லை, அவ்வளவுதான். 1688இல் ஆல்ப்ஸைக் கடந்த ஜான் டென்னிஸ் என்ற ஆங்கில எழுத்தாளர், பயத்திலேயே ஓர் ஆனந்தம் இருந்ததாக ஊருக்கு எழுதினார். மெல்ல மெல்ல அந்த ருசி பரவியது. 1786இல் இருவர் ஆல்ப்ஸின் மிக உயர்ந்த சிகரமான மோன் பிளாங்க்கின் உச்சியை எட்டினார்கள். மலை பார்க்கப் போவது நாகரிகமாகிவிட்டது, ஓவியர்களும் பின்னாலேயே போனார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

படி 1: ஒழுங்கான படத்தைத் தேடி எடுங்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் மற்ற எல்லாம் வீண். இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவது பெரும்பாலும் நிறம் கூட்டியது, ஓரம் வெட்டியது, அல்லது யாரோ ‘அதே மாதிரி’ செய்துவைத்தது. ஃப்ரீட்ரிக்கின் சாம்பல் வானம் ஒரு தளத்தில் ஊதாவாக இருக்கும், இன்னொன்றில் மஞ்சளாக இருக்கும். ஆகவே ஓவியம் இருக்கும் அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்துக்குப் போங்கள். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் பெரிய கோப்புகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ள விடுகிறது. கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர், விக்கிமீடியா காமன்ஸ் இரண்டிலும் நிறையக் கிடைக்கும். ஒரே ஓவியத்தை இரண்டு இடத்தில் திறந்து ஒப்பிடுங்கள். ஓரங்கள் வெட்டப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மலை ஓவியத்தில் ஓரம் முக்கியம், ஏன் என்பது மூன்றாம் படியில் தெரியும்.

படி 2: சுவரில் சாக்பீஸால் அளவைக் குறியுங்கள்

திரை செய்கிற பெரிய துரோகம், எல்லா ஓவியத்தையும் ஒரே அளவாக்கிவிடுவது. ஓவியத்தின் பக்கத்தில் செ.மீ. கணக்கு போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. படியுங்கள். அளவு நாடாவை எடுத்துச் சுவரில் நாலு மூலையையும் குறியுங்கள்.

பாறை உச்சி மனிதர் 94.8 × 74.8 செ.மீ. சுவரில் குறித்துப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. வீட்டு ஜன்னலின் ஒரு கதவளவு, அவ்வளவே. சுவரை நிறைக்கும் படம் என்று நினைத்திருந்தேன். ஆக, அந்த ஓவியத்தின் மலைப்பு அளவிலிருந்து வரவில்லை என்பது நிச்சயம். வேறெங்கிருந்தோ வருகிறது.

இப்போது அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் பீர்ஸ்டாட் 1866இல் வரைந்த ‘ராக்கி மலைகளில் ஒரு புயல்’ ஓவியத்தைக் குறியுங்கள். நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 210.8 × 361.3 செ.மீ. எட்டு முழ வேட்டியை நீளவாக்கில் விரித்துப் பிடித்தால் அதன் அகலம் வரும், உயரம் வீட்டு நிலைப்படி அளவு. நாலு அடி தள்ளி நின்றால் இரண்டு ஓரமும் ஒரே பார்வையில் அடங்காது, தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். இங்கே அளவே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

ஃப்ரெடரிக் எட்வின் சர்ச் இதில் ஒரு படி மேலே போனார். 1859இல் நியூயார்க்கில் ‘ஆண்டீஸின் இதயம்’ என்ற மூன்று மீட்டர் அகல ஓவியத்தை இருட்டறையில் தனியாக வைத்து, ஜன்னல் போன்ற பெரிய மரச்சட்டம் மாட்டி, திரைச்சீலை தொங்கவிட்டு, ஆளுக்கு 25 சென்ட் வசூலித்துக் காட்டினார். ஆயிரக்கணக்கில் கூட்டம். நாடகக் கொட்டகைக்குக் கொண்டுபோகும் சின்ன தொலைநோக்கியோடு வந்து ஒரே ஓவியத்தைத் துண்டு துண்டாகப் பார்த்தார்களாம். நீங்களும் செய்யலாம்: வெள்ளைத்தாளைக் குழலாகச் சுருட்டி, பெரிய திரையில் ஓவியத்தை நிறைத்துவிட்டு, ஒரு கண்ணால் பாருங்கள். சட்டம் மறைந்துபோய், ஓவியத்துக்குள் நடந்து போகிற மாதிரி ஆகிவிடும். அசட்டுத்தனமாகத் தோன்றும், செய்து பார்த்தால் தெரியும்.

படி 3: உங்கள் கால் எங்கே இருக்கிறது?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இது. ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பேன் என்று அடம் பிடிப்பவர்கள் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவியத்தின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். அங்கே தரை இருக்கிறதா? இருந்தால் சமதரையா, சரிவா, பாறையா? நீங்கள் அந்த ஓவியத்துக்குள் இறங்கினால் காலை எங்கே வைப்பீர்கள்?

சாதாரண நிலக்காட்சி ஓவியம் நம்மை உபசரிக்கும். கீழே ஒரு பாதை வரும், அது வளைந்து ஓர் ஓடைக்குப் போகும், ஓடையைத் தாண்டினால் மரம், மரத்துக்கு அப்பால் ஊர், கடைசியில் நீல மலை. கண் நிதானமாக நடந்து போகலாம். மலைப்பு ஓவியர்கள் செய்த முதல் காரியம் இந்தப் பாதையை அறுத்தது.

பாறை உச்சி மனிதரிடம் திரும்ப வாருங்கள். கீழே ஒரு கறுத்த பாறை முக்கோணமாக எழுகிறது, அவர் உச்சியில் நிற்கிறார். அதற்கு அப்பால் தரை கிடையாது. பள்ளம் எவ்வளவு ஆழம் என்று தெரியவிடாமல் பனிமூட்டம் மூடிவிட்டது. அடுத்த பாறை அம்பது அடி தள்ளியா, ஐந்நூறு அடி தள்ளியா? கணக்குப் போட ஒரு படிக்கட்டு கூடத் தரவில்லை. ஒரு காலை முன்னே வைத்து, ஊன்றுகோலில் சாய்ந்து நிற்கிறார். நாம் அவருக்குப் பின்னால் நிற்கிறோம் என்று முதலில் தோன்றும். பாறையின் சரிவைப் பார்த்தால் அங்கே இன்னொருவருக்கு நிற்க இடமே இல்லை. அப்படியென்றால் நாம் காற்றில் நிற்கிறோம்! அலுவலகச் சுவரில் வாசகம் எழுதியவர் இதைக் கவனித்திருந்தால் ‘உயரத்தை வெல்’ என்று எழுதியிருக்க மாட்டார். மேலே போக வழி இல்லாத இடத்தில் ஒருவர் நிற்கிறார். அதில் என்ன வெற்றி?

ஃப்ரீட்ரிக்கே 1824-25இல் வரைந்த ‘வாட்ஸ்மான்’ இன்னும் கடுமை. பெர்லினின் பழைய தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. 2,713 மீட்டர் உயர பவேரிய மலை. அதில் முதுகு காட்ட ஒரு ஆள் கூட இல்லை. ஆடு, குடிசை, புகை, பாதை எதுவும் இல்லை. கீழே பழுப்புப் பாறைகள், இடையே கொஞ்சம் புல், மேலே வெள்ளைச் சிகரம். கண் ஓடி ஓடி ஒதுங்க இடம் தேடும், கிடைக்காது. அதற்குச் சற்று முன்பு லூட்விக் ரிக்டர் என்ற இளைஞர் இதே மலையை அருவி, அடர்ந்த பசுமை எல்லாம் வைத்து வரைந்திருந்தார். அதற்குப் பதில் சொல்லத்தான் ஃப்ரீட்ரிக் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார் என்று பலர் கருதுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள். ரிக்டர் நம்மை உட்காரச் சொல்கிறார், ஃப்ரீட்ரிக் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்.

படி 4: கட்டைவிரலால் ஆளை மறையுங்கள்

பெரும்பாலான மலை ஓவியங்களில் எங்காவது ஒரு மூலையில் ஆள், ஆடு, மாடு, குடிசை ஏதாவது இருக்கும். அலங்காரத்துக்கு வைத்தது என்று நினைக்க வேண்டாம். அதுதான் அளவுகோல். கட்டைவிரலால் அதை மறைத்துவிட்டுப் பாருங்கள், பிறகு விரலை எடுத்துப் பாருங்கள். மலை திடீரென்று வளர்வது கண்ணுக்கே தெரியும்.

இந்தச் சோதனைக்குச் சரியான ஓவியம் ஆங்கில ஓவியர் ஜோசப் மல்லோர்ட் வில்லியம் டர்னரின் ‘பனிப்புயல்: ஹானிபலும் அவன் படையும் ஆல்ப்ஸைக் கடத்தல்’. 1812இல் லண்டனில் காட்சிக்கு வந்தது, இப்போது டேட் அருங்காட்சியகத்தில். 146 × 237.5 செ.மீ.

முதலில் விரல் வைக்காமல் பாருங்கள். மேலே ஒரு கரிய வளைவு, அலை சுருண்டு எழுந்து உடையப் போகிற மாதிரி. அதற்குள் அழுக்கு மஞ்சளில் ஒரு சூரியன், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு. வலது பக்கம் வெண்பனி சரிந்து விழுகிறது. படம் நெடுகப் புயல்தான். கீழே அடிமட்டத்தில் மனிதர்கள். படையின் வாலில் தளர்ந்து போனவர்களை மலைவாசிகள் மறித்துக் கொள்ளையடிக்கிறார்கள், கொல்கிறார்கள். சரி, ரோமின் எதிரியான கார்தேஜ் நாட்டுப் படைத்தலைவன் ஹானிபல் எங்கே? தேடுங்கள். தூரத்தில், வெளிச்சம் விழும் சமவெளி விளிம்பில், ஈ அளவுக்கு ஒரு யானை தெரியும். இவ்வளவு பெரிய போருக்கு வந்தவன் அதன் மேல் இருந்தால் இருக்கலாம்.

இப்போது அந்த யானையை விரலால் மறையுங்கள். மேகமும் வெளிச்சமும் மிஞ்சும். விரலை எடுங்கள். கி.மு. 218இல் ரோமைக் கலங்கடிக்கக் கிளம்பிய படை முழுவதும் அந்தக் கரிய வளைவின் வாய்க்குள் இருப்பது அப்போதுதான் உறைக்கும். டர்னர் இந்த ஓவியத்தைத் தாழ்வாகத்தான் மாட்ட வேண்டும் என்று கண்காட்சியில் பிடிவாதம் பிடித்தார். உயரத்தில் மாட்டினால் பார்ப்பவன் புயலுக்கு வெளியே நிற்பான், தாழ்வாக மாட்டினால் உள்ளே நிற்பான். படி மூன்றின் கால் கணக்கு அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பக்கத்திலேயே இன்னொரு ஓவியத்தையும் திறந்து வையுங்கள். 1801இல் ழாக்-லூயி தாவித் வரைந்த, நெப்போலியன் ஆல்ப்ஸைக் கடக்கும் ஓவியம். அதே மலை, அதே பனி. ஆனால் குதிரை இரண்டு காலில் எழுகிறது, மேலங்கி பறக்கிறது, தலைவர் நம்மைப் பார்த்துக் கையை உயர்த்துகிறார். கீழே பாறையில் பொனபார்ட், ஹானிபல், சார்லமேன் என்று மூன்று பெயர் செதுக்கியிருக்கிறது. உண்மையில் 1800இல் அவர் கடந்தது கோவேறு கழுதை மேல். இந்த ஓவியத்தில் நெப்போலியனை விரலால் மறைக்க முடியாது, உள்ளங்கை வேண்டும். மலை அவருக்கு மேடை. டர்னரிடம் மலைக்கு மனிதன் யார் என்றே தெரியாது. டர்னர் ஓவியம் காட்சிக்கு வைக்கப்பட்ட அதே 1812இல்தான் நெப்போலியன் ரஷ்யாவுக்குப் படையெடுத்துப் போய், குளிரிலும் பனியிலும் படையைத் தொலைத்துவிட்டு வந்தார். கண்காட்சி அதற்கு முன்பே திறந்துவிட்டது, தற்செயல்தான். ஆனாலும் தாவித்தின் குதிரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டர்னரின் ஈ அளவு யானை ஞாபகம் வந்துவிடுகிறது.

இன்னொரு சோடி: பனிச்சரிவு. பிலிப் ஜேம்ஸ் டி லூதர்பர்க் 1803இல் வரைந்ததில் மனிதர்கள் கையை உயர்த்திப் பதறுகிறார்கள், நாமும் அவர்களோடு பதறுகிறோம். 1810இல் டர்னர் வரைந்ததில் ஒரு ஆள் கூடக் கிடையாது. சரிந்து வரும் பாறையின் அடியில் ஒரு குடிசை நொறுங்குகிறது. அதற்குள் யார் இருந்தார்கள் என்று அவர் காட்டவே இல்லை. இரண்டில் எது உங்களை அதிகம் உலுக்குகிறது என்று பாருங்கள். எனக்கு அந்தக் குடிசைதான்.

படி 5: மறைத்தது என்ன?

பர்க் சொன்ன பட்டியலில் தெளிவின்மை என்று ஒன்று இருந்தது. பாதி தெரிகிற பேய்தான் பயமுறுத்தும், முழுசாகத் தெரிந்துவிட்டால் அது வேஷம் கட்டிய ஆள். மலைக்கும் அதேதான். ஓவியத்தில் மூடுபனி, மேகம், புயல், நிழல் எங்கே விழுகிறது என்று குறியுங்கள். அது எதை மூடுகிறது? மலையின் அடிவாரத்தையா, உச்சியையா, இடைப்பட்ட தூரத்தையா? அடிவாரத்தை மூடினால் மலை மிதக்கும். உச்சியை மூடினால் உயரத்துக்கு முடிவே இராது. இடைத்தூரத்தை மூடினால் பள்ளத்துக்கு ஆழம் தெரியாது. ஓவியர் மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று பார்த்தால் அவர் மனசு தெரிந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான ஒருவரும் உண்டு. ஜோசப் ஆன்டன் கோக். டிரோலில் பிறந்து ரோமில் வாழ்ந்தவர். அவருடைய ‘ஷ்மாட்ரிபாக் அருவி’ மியூனிக்கில் இருக்கிறது, 1821-22இல் வரைந்தது. மூடுபனியால் எதையும் ஒளிப்பதே இல்லை. உச்சியின் பனியாறு, அருவி, பாறை, காடு, கீழே ஆறு என்று அடுக்கடுக்காக, தூரத்தில் இருப்பதும் கிட்டத்தில் இருப்பதும் ஒரே துல்லியத்தில். இதிலும் மலைப்பு வருகிறது, ஆனால் வேறு ரகம்: இவ்வளவையும் ஒரே நேரத்தில் பார்க்கக் கண் போதவில்லையே என்ற திணறல். கோவில் கோபுரத்தை அடியிலிருந்து நிமிர்ந்து பார்க்கும்போது வருமே, அது. ஆக மூடுபனி இல்லை என்பதற்காக ஓவியத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

படி 6: வெளிச்சம் எங்கிருந்து?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓவியத்தில் மிகப் பிரகாசமான ஒரே ஒரு புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அது மலைக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? பின்னால் இருந்தால் மலை கரிய சுவராகிவிடும். ஃப்ரீட்ரிக்கின் ‘மலைமேல் சிலுவை’ அப்படித்தான். 1808இல் வரைந்தது, இப்போது டிரெஸ்டனில். சூரியன் மலைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, கதிர்கள் மட்டும் மேலே விரிகின்றன. நிலக்காட்சியைப் பலிபீடத்து ஓவியமாக வைத்தது அன்றைக்குப் பெரிய வம்பாகிவிட்டது. நிலக்காட்சி ஓவியம் கோவிலுக்குள் நைசாக நுழைந்து பீடத்திலேயே ஏறி உட்காரப் பார்க்கிறது என்று ராம்டோர் என்ற விமர்சகர் 1809இல் வறுத்தெடுத்தார். திட்டுவதற்காக அவர் சொன்னதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன். உண்மையிலேயே அதுதான் நடந்தது.

படி 7: இவர் அந்த மலையைப் பார்த்தாரா?

இங்கேதான் புதியவர்களுக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. வாட்ஸ்மான் மலையை ஃப்ரீட்ரிக் பார்த்ததே இல்லை. ஆல்ப்ஸ் பக்கம் அவர் போனதே கிடையாது. ஆகஸ்ட் ஹைன்ரிக் என்ற மாணவர் அங்கே போய் வரைந்த நீர்வண்ண முன்வரைவிலிருந்து சிகரத்தை எடுத்தார். முன்னால் இருக்கும் பாறையை, வடக்கே வெகுதூரத்தில் உள்ள ஹார்ஸ் மலைத்தொடரில் பல வருஷம் முன்பு தான் போட்ட கோட்டோவியத்திலிருந்து எடுத்தார். இரண்டு ஊர்ப் பாறையை ஒரே கேன்வாஸில் ஒட்டுப் போட்டார். பாறை உச்சி மனிதரின் காட்சியும் அப்படித்தான். எல்பா ஆற்றங்கரை மணற்கல் மலைகளில் அங்கங்கே வரைந்த துண்டுகளைச் சேர்த்தது. காலடியில் இருக்கும் பாறை கைசர்குரோனே குன்றில் இருக்கிறது, ஆனால் அங்கே போய் நின்றால் இந்தக் காட்சி தெரியாது.

அவருடைய நண்பர் கெர்ஸ்டிங், ஃப்ரீட்ரிக் வேலை செய்யும் அறையை ஓவியமாக வரைந்து வைத்திருக்கிறார். மொட்டைச் சுவர், ஒரு நாற்காலி, ஓவியத்தாங்கி. ஜன்னலின் கீழ்ப்பாதியைப் பலகை போட்டு அடைத்துவிட்டார்கள், வெளியே இருப்பது தெரியவே கூடாது. பிரம்மாண்டமான மலைகளை வரைந்தவரின் அறையில் ஜன்னல் வழியே மலை தெரியாது.

டர்னர் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1802இல் ஸ்விட்சர்லாந்து போய் வந்தவர்தான், ஆனால் ஹானிபல் ஓவியத்தின் புயல் ஆல்ப்ஸ் புயல் இல்லை. 1810இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது அடித்த இடிமழை அது. ஒரு கடிதத்தின் பின்பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு, இரண்டு வருஷத்தில் இதை மறுபடி பார்ப்பாய், ஹானிபல் என்று பெயர் போட்டிருக்கும் என்று நண்பரின் மகனிடம் சொன்னாராம்.

இதற்கு மாறாக, 1770களில் ஸ்விட்சர்லாந்தின் காஸ்பர் வோல்ஃப், பதிப்பாளர் ஒருவரோடும் பாதிரியார் ஒருவரோடும் பனியாறுகள் வரை ஏறிப் போய் நேரில் பார்த்துக் குறிப்பெடுத்து வரைந்தார். அவருக்குப் பாறையின் விரிசல் கூட முக்கியம். இவர்களில் யார் ‘உண்மை’ என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஓவியத்தைப் பார்க்கும்போது இது இடத்தின் படமா, உணர்வின் படமா என்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்.

படி 8: மலை யாருடையது?

இதைப் பல வழிகாட்டிகள் விட்டுவிடுகிறார்கள். பீர்ஸ்டாட்டின் 1863ஆம் ஆண்டு ‘ராக்கி மலைகள், லாண்டர் சிகரம்’ ஓவியத்தில் முன்னால் பூர்வகுடி மக்களின் கூடாரங்கள், குதிரைகள், வேட்டையாடிய மிருகங்கள். நாலாம் படியின்படி அவர்கள் அளவுகோல்கள். ஆனால் அவர்கள் அந்த நிலத்தில் வாழ்ந்த மக்களும்தான். ‘மனிதன் தீண்டாத இயற்கை’ என்று கிழக்குக் கரை நகரங்களில் காசு கொடுத்துப் பார்த்தவர்கள், அந்த மண்ணிலிருந்து அவர்கள் விரட்டப்பட்ட காலத்தில்தான் பார்த்தார்கள். சிகரத்தின் பெயரோ, அளவெடுக்கப் போன ராணுவ அதிகாரியின் பெயர்.

படி இரண்டில் சுவரில் குறித்த புயல் ஓவியத்தின் சிகரத்துக்கு, பீர்ஸ்டாட் தன் நண்பரின் மனைவி ரோஸலியின் பெயரை வைத்தார். அவரையே பின்னால் மணந்துகொண்டார், அது தனிக் கதை. அந்த மலைக்குப் பிறகு எவன்ஸ் என்ற கொலராடோ ஆளுநரின் பெயர் வந்தது. 1864இல் சாண்ட் க்ரீக்கில் பூர்வகுடிகள் படுகொலை செய்யப்பட்டபோது ஆளுநராக இருந்தவர் அவர்தான். 2023இல் அந்தப் பெயரை நீக்கி ‘புளூ ஸ்கை’ என்று மாற்றினார்கள். அந்தக் கரிய மேகங்களைப் பார்த்து நான் இன்னமும் மலைத்துத்தான் போகிறேன். இந்தக் கதை தெரிந்த பிறகு, கீழே புல்வெளியில் குதிரைகளைத் துரத்தும் அந்தச் சிறு உருவங்களையும் ஜூம் செய்து பார்க்கிறேன்.

அடுத்து எதைப் பார்ப்பது?

ஒரே நாளில் இருபது ஓவியம் பார்க்காதீர்கள், எல்லாம் ஒரே மேகமாகிவிடும். வாரம் ஒன்று போதும். பாறை உச்சி மனிதரில் ஆரம்பியுங்கள், பிறகு ஹானிபல், பிறகு வாட்ஸ்மான். அதன் பின் நார்வேக்காரர் யோஹான் கிறிஸ்டியன் டால். டிரெஸ்டனில் ஃப்ரீட்ரிக் இருந்த வீட்டிலேயே குடியிருந்தவர், ஆனால் அவருடைய மலைகளில் ஈரமும் புகையும் ஊர் வாழ்க்கையும் இருக்கும். ஜெனீவாவின் அலெக்சாந்தர் கலாம் வரைந்த புயலில் முறியும் மரங்களையும் பார்த்துவிடுங்கள்.

நம் ஊர் மலை வேண்டும் என்றால், 1792இல் பாபநாசம் அருவி வரை வந்து வரைந்த தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரின் படங்களைத் தேடுங்கள். நடுங்கவைப்பதைவிடக் கண்ணுக்கு இதமாக்குவதில்தான் அவர்களுக்கு ஆர்வம். கட்டைவிரல் சோதனையை அங்கே நீங்களே செய்து பாருங்கள்.

கடைசியில் டர்னரின் ‘நீல ரிகி’. 1842, நீர்வண்ணம், கைக்கு அடக்கமான காகிதம். ரிகி 1,797 மீட்டர்தான், ஆல்ப்ஸ் கணக்கில் குன்று. விடியற்காலை, லூசெர்ன் ஏரிக்கு அப்பால் மலை ஒரு நீலக் கறை மாதிரி நிற்கிறது. புயல் இல்லை, பனிச்சரிவு இல்லை, யாரும் சாகவில்லை. கீழ் ஓரத்தில் வாத்துகள் பதறிப் பறக்க, நாய்கள் தண்ணீரில் பாய்கின்றன. நீரில் மின்னும் வெள்ளையை ஜூம் செய்தால், அது பூசிய வண்ணம் இல்லை, வண்ணத்தைச் சுரண்டி எடுத்து வெளிக்கொண்டுவந்த காகிதத்தின் வெண்மை என்று தெரியும்.

கீழ் ஓரத்தில் தரை இல்லை, தண்ணீர்தான். உங்கள் கால் எங்கே இருக்கிறது?